மணிக்கட்டில் ஒரு கணினி – 6: 24 கிலோபைட் போதுமா?

2013 ஜனவரி 23 அன்று பெப்பிள் கடிகாரங்களின் முதல் பெட்டிகள் கிளம்பின என்று சொல்லிச் சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். 2012 செப்டம்பரில் கைக்கு வந்திருக்க வேண்டிய பொருள், நான்கு மாதம் பிந்திக் கிளம்பியது. தாமதத்தைவிடப் பெரிய குறை ஒன்று, பெட்டியைப் பிரித்துக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது.

கடிகாரம் மணி காட்டியது. செல்போனுக்கு அழைப்பு வந்தால் மணிக்கட்டில் அதிர்ந்து, அழைப்பவர் பெயரைக் காட்டியது. குறுஞ்செய்தியைப் படிக்க முடிந்தது. பாட்டை நிறுத்தலாம், அடுத்த பாட்டுக்குத் தாவலாம். மாற்றிக்கொள்ள முகப்புகள் சில உள்ளே இருந்தன. அதோடு சரி.

கிக்ஸ்டார்ட்டர் வீடியோவில் எரிக் மிகிகோவ்ஸ்கி காட்டியது இதைவிட எவ்வளவோ அதிகம். அதில் சைக்கிளில் போகிறவரின் வேகம் மணிக்கட்டில் ஓடியது. ஓட்டப் பயிற்சி செய்பவருக்கு ஓடிய தூரம் தெரிந்தது. கோல்ஃப் ஆடுபவருக்குக் குழி எவ்வளவு தொலைவு என்று தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இந்தக் கடிகாரத்துக்கு நீங்களே ஆப் எழுதலாம்’ என்ற வாக்குறுதி இருந்தது. 68,929 பேர் 1,02,66,845 டாலரைக் கொடுத்தது அந்த வாக்குறுதியையும் நம்பித்தான். கூடுதல் விலை கொடுத்து, ‘ஆப் எழுதும் வசதி எனக்கு முதலில் வரட்டும்’ என்று பதிவு செய்தவர்கள்கூட உண்டு.

ஆப் எழுதத் தேவையான கருவித் தொகுப்பு, அதாவது எஸ்டிகே, ஜனவரியில் வரவில்லை. பிப்ரவரியிலும் வரவில்லை. மார்ச்சும் போனது.

தொடரில் இப்போதுதான் சேர்ந்தவர்களுக்கு முன்கதை சுருக்கமாக. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக மாணவர் எரிக், 2008-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் படிக்கப் போயிருந்தார். அங்கே எங்கு போவதென்றாலும் சைக்கிள்தான். ஓட்டும்போது செல்போன் அதிர்ந்தால் பாக்கெட்டிலிருந்து எடுக்காமலே பார்க்க வழி உண்டா என்று யோசித்ததில்தான் எல்லாம் தொடங்கியது. ஊர் திரும்பி, பிளாக்பெர்ரி போனோடு இணையும் ‘இன்பல்ஸ்’ கடிகாரத்தைச் செய்தார். விற்பனை சூடுபிடிக்கவில்லை. அடுத்த கடிகாரத்துக்கு முதலீட்டாளர்கள் பணம் தர மறுத்தார்கள். 2012 ஏப்ரல் 11 அன்று கிக்ஸ்டார்ட்டரில் பொதுமக்களிடம் 1 லட்சம் டாலர் கேட்டார். இரண்டே மணி நேரத்தில் அது வந்துவிட்டது. மீதிக் கதையைத்தான் போன வாரம் பார்த்தோம்.

இன்பல்ஸ் அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. அந்தக் கடிகாரம் கடைகளில் போகவில்லை. ஆனால் சி மொழியில் நிரல் எழுதி அதில் ஏற்றலாம் என்று திறந்துவிட்டபோது, ஒரு சிறு கூட்டம் விடாமல் எழுதிக்கொண்டே இருந்தது. கடிகாரத்தை என்ன செய்யலாம் என்பது தயாரித்தவரைவிட அந்தக் கூட்டத்துக்கு அதிகம் தெரிந்திருந்தது. அதே கூட்டம்தான், இப்போது பல மடங்கு பெருகி, பெப்பிளைக் கையில் கட்டிக்கொண்டு காத்திருந்தது.

2013 ஏப்ரலில் எஸ்டிகே வந்தது. ஆவணங்களைத் திறந்து படித்தவர்கள் ஓர் எண்ணில் முட்டி நின்றார்கள்: 24.

*

24 கிலோபைட். நீங்கள் எழுதும் நிரல், அது கையாளும் தகவல், அது ஓடும்போது கேட்கும் தற்காலிக இடம், எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். அப்போது விற்பனையில் இருந்த ஐபோன் 5-இன் நினைவகம் 1 ஜிகாபைட். அதில் நாற்பதாயிரத்தில் ஒரு பங்குகூட இங்கே கிடையாது.

ஏன் இவ்வளவு கருமித்தனம் என்று கேட்கலாம். பெப்பிளின் மூளை ஒரு ஏஆர்எம் கார்ட்டெக்ஸ் எம்3 சிப். அதன் மொத்த நினைவகமே 128 கிலோபைட். ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற சிறிய இயங்குதளத்தின் மேல் பெப்பிள் குழு எழுதிய மென்பொருள், புளூடூத், திரை, அறிவிப்புகள் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சியதைத்தான் வெளியாட்களுக்குத் தர முடிந்தது. பெரிய சிப் போடலாமே? போட்டால் தினம் இரவு சார்ஜ் போட வேண்டியிருக்கும். ஒரு முறை சார்ஜ் போட்டால் ஒரு வாரம்வரை ஓட வேண்டும் என்பதில் எரிக் பிடிவாதமாக இருந்தார். அதற்காகவே ஷார்ப் நிறுவனத்தின் கறுப்பு வெள்ளைத் திரையைத் தேர்ந்தெடுத்தார். ஒரு படத்தை வரைந்து விட்டுவிட்டால், அதை அப்படியே வைத்திருக்க அந்தத் திரைக்கு மிகச் சொற்ப மின்சாரம் போதும். உச்சி வெயிலிலும் எழுத்து தெரியும். என்னைக் கேட்டால், பெப்பிளின் ஆகச் சிறந்த முடிவு அந்தத் திரைதான். அதன் பின்னால் வந்த எல்லாக் கட்டுப்பாடுகளும் அந்த முடிவுக்குக் கொடுத்த விலை.

அந்த விலை எவ்வளவு என்பதை ஒரு சாதாரண முகப்பை வைத்துப் பார்ப்போம். திரையில் அகலவாக்கில் 144 புள்ளிகள், உயரவாக்கில் 168. கறுப்பா வெள்ளையா என்பதைச் சொல்ல ஒரு புள்ளிக்கு ஒரு பிட். ஒரு வரிசைக்கு 18 பைட் போதும். ஆனால் சிப்புக்கு வசதியாக 20 பைட் ஒதுக்குவார்கள். ஆக, திரை முழுக்க ஒரே ஒரு படம் போட 3,360 பைட். இப்படி ஏழு படங்களை ஏற்றினால் 24 கிலோபைட் தீர்ந்தது. மணி பார்க்க ஒரு வரி நிரல் எழுதக்கூட இடமில்லை. அதனால் முகப்பு எழுதியவர்கள் முழுப் படம் என்ற எண்ணத்தையே கைவிட்டார்கள். 0 முதல் 9 வரை பத்து இலக்கங்களைச் சின்னச் சின்னப் படங்களாக வெட்டிவைத்துக்கொண்டு, தேவையான நான்கை மட்டும் எடுத்துப் போட்டு, மற்றதை விட்டுவிடுவார்கள்.

முள் சுற்றும் கடிகாரம் வேண்டும் என்றால் இன்னொரு சிக்கல். முள்ளின் நுனி எங்கே நிற்கும் என்று கண்டுபிடிக்க சைன், கோசைன் கணக்கு வேண்டும். தசமப் புள்ளிக் கணக்கை வேகமாகப் போடும் வன்பொருள் அந்தச் சிப்பில் இல்லை. போட்டால் போடும், ஆனால் நேரமும் மின்சாரமும் செலவாகும். அதற்குப் பெப்பிள் குழு செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது. வட்டத்துக்கு 360 பாகை என்ற பள்ளிக்கூடக் கணக்கை ஒதுக்கிவிட்டு, வட்டத்தை 65,536 பங்காகப் பிரித்தார்கள். இரண்டின் பதினாறாம் அடுக்கு அது. கணினிக்கு இயல்பாக வரும் எண். எந்தப் பங்குக்கு எந்த மதிப்பு என்று முன்கூட்டியே போட்டுவைத்த அட்டவணை கடிகாரத்துக்குள் இருக்கும். நொடி 15 என்றால் 16,384-ஆம் பங்கைப் பார், விடை தயார். வாய்ப்பாடு மனப்பாடமாகத் தெரிந்த பிள்ளை பெருக்கிப் பார்க்காமலே பதில் சொல்வதுபோலத்தான்.

பேட்டரி விஷயத்தில் எஸ்டிகே கேட்ட ஒழுக்கம் இன்னும் கடுமையானது. செல்போன் ஆப் எழுதிப் பழகியவர் ‘எப்போதும் ஓடிக்கொண்டிரு, ஏதாவது மாறினால் காட்டு’ என்று எழுதுவார். இங்கே ஆப் பெரும்பாலும் தூங்க வேண்டும். ‘நிமிடம் மாறும்போது என்னை எழுப்பு’ என்று சொல்லிவைத்துவிட்டுப் படுத்துக்கொள்ள வேண்டும். எழுந்ததும் மாறிய பகுதியை மட்டும் வரைந்துவிட்டு மறுபடி தூங்க வேண்டும். நொடி முள் வேண்டும் என்று ஆசைப்பட்டால் எழுப்பும் தடவைகள் அறுபது மடங்காகும். ஓடும் நொடி முள் பார்க்க அழகு. ஆனால் வாரக் கணக்கில் வரவேண்டிய சார்ஜ் அதில் கரைந்துபோகும். அனுபவப்பட்டவர்கள் ஒரு சமரசம் கண்டார்கள்: மணிக்கட்டை உதறினால் மட்டும் கொஞ்ச நேரம் நொடி முள் தோன்றி மறையும்.

புதிதாக எழுத வந்த எல்லோரும் விழுந்த பள்ளம் ஒன்று உண்டு. நேரத்தை எழுத்தாகத் திரையில் காட்டும் நிரலை எழுதுகிறார்கள். சில வரிகள்தான், தவறே தெரியவில்லை. கடிகாரத்தில் ஏற்றினால் 10:42 வரவேண்டிய இடத்தில் கோணல்மாணலாகக் கண்ட எழுத்துகள் நிற்கின்றன. காரணம், காட்டச் சொன்ன வரியைக் கடிகாரம் பிரதி எடுத்து வைத்துக்கொள்வதில்லை. நினைவகத்துக்குப் பஞ்சமாயிற்றே! அந்த வரி எங்கே இருக்கிறது என்ற முகவரியை மட்டும் குறித்துக்கொள்ளும். எழுதியவரோ ‘10:42’ என்பதைத் தற்காலிக இடத்தில் வைத்திருப்பார். அவருடைய நிரல்பகுதி ஓடி முடிந்ததும் அந்த இடத்தை வேறு வேலைக்குக் கொடுத்துவிடுவார்கள். திரை வரையப் போகும்போது அந்த முகவரியில் வேறு யாரோ குடியிருப்பார்கள். ‘ஸ்டேட்டிக்’ என்ற ஒரே ஒரு சொல்லை முன்னால் சேர்த்தால் தீர்ந்தது. அந்த ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க எத்தனை பேர் எத்தனை இரவு முழித்திருப்பார்கள்! முழித்தவர்கள் கணினியின் நினைவகம் எப்படி வேலை செய்கிறது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொண்டார்கள். ஜிகாபைட் கணக்கில் இடம் கிடைக்கும் செல்போனில் எழுதிக்கொண்டிருந்தால் அவர்களுக்கு அது தெரியாமலே போயிருக்கும்.

இவ்வளவு நெருக்கடிக்குள்ளும் முகப்புகள் குவிந்தன. அதிகாரபூர்வக் கடை எதுவும் அப்போது இல்லை. ரசிகர்களே நடத்திய ‘மை பெப்பிள் ஃபேசஸ்’ என்ற தளத்தில் எழுதியவர்கள் போட்டார்கள், விரும்பியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆப் எழுதும் கருவிகளைச் சொந்தக் கணினியில் நிறுவுவது பெரும்பாடாக இருந்தது. அதையும் வெளியிலிருந்து வந்த ஒருவர்தான் தீர்த்தார். கேத்தரின் பெரி என்ற புரோகிராமர், எதையும் நிறுவாமல் பிரவுசரிலேயே நிரல் எழுதி, அங்கேயே தொகுத்து, கடிகாரத்துக்கு அனுப்பும் ‘கிளவுட்பெப்பிள்’ தளத்தைக் கட்டினார். பின்னாளில் பெப்பிள் நிறுவனம் அவரையே வேலைக்கு எடுத்துக்கொண்டது. அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதை அவரிடம் திரும்பி வரும்.

24 கிலோபைட்டை வென்றாகிவிட்டது. ஆனால் கடிகாரத்துக்குத் தனியாக இணையம் கிடையாது, ஜிபிஎஸ் கிடையாது. வெளியே மழை பெய்கிறதா என்று சொல்ல வேண்டுமானால் பாக்கெட்டில் இருக்கும் செல்போனிடம்தான் கேட்க வேண்டும். அந்தச் செல்போன் ஐபோனாக இருந்தால், வாசலில் ஆப்பிள் நின்றது.

*

ஆண்ட்ராய்டில் பெரிய சிக்கல் இல்லை. கடிகாரத்தில் ஓர் ஆப், போனில் ஒரு துணை ஆப், நடுவே புளூடூத். 2013 மே மாதம் அதற்கான பெப்பிள்கிட் வெளிவந்தது. ஐபோனிலும் அதேபோல் துணை ஆப் எழுதலாம். ஆனால் ஆப்பிளின் துணைக்கருவி விதிகளின்படி, இந்த ஆப் எங்கள் கடிகாரத்துடன் பேசப்போகிறது என்று பெப்பிள் நிறுவனம் ஒவ்வொரு ஆப்பையும் ஆப்பிளிடம் பதிவு செய்து தர வேண்டும். பிறகு அந்தத் துணை ஆப் ஆப்பிளின் பரிசோதனையைத் தாண்டி ஆப் ஸ்டோருக்குள் நுழைய வேண்டும். மணிக்கட்டில் வெப்பநிலையைக் காட்ட நினைக்கும் ஒரு கல்லூரி மாணவர் இத்தனை வாசல் ஏறுவாரா?

2013 நவம்பரில் எஸ்டிகே 2.0-இன் சோதனைப் பதிப்பில் ஒரு மாற்றுவழி வந்தது. போனில் ஏற்கெனவே இருக்கும் பெப்பிளின் சொந்த ஆப்புக்குள் ஜாவாஸ்கிரிப்ட் ஓடுவதற்கு இடம் செய்தார்கள். கடிகாரத்துக்கான சி நிரலோடு சில வரி ஜாவாஸ்கிரிப்டையும் சேர்த்துக் கட்டினால் போதும். கடிகாரத்தில் ஆப்பைத் திறந்ததும் போனில் அந்த ஸ்கிரிப்ட் தானாக விழிக்கும். இருக்கும் இடத்தைப் போனிடம் கேட்டு, இணையத்தில் வானிலையைப் பார்த்து, ‘31, மேகமூட்டம்’ என்று சுருக்கிக் கடிகாரத்துக்கு அனுப்பும். தனித் துணை ஆப் தேவையில்லை. ஆப்பிளிடம் தனி அனுமதியும் தேவையில்லை. ஐபோனும் ஆண்ட்ராய்டும் ஒரே நிரலில் அடங்கின.

சுருக்கி அனுப்பும் என்று சும்மா சொல்லவில்லை. கடிகாரம் எந்த நிலையிலும் ஏற்றுக்கொள்வதாக உறுதி தந்த செய்தியின் அளவு 124 பைட்தான். ஆங்கிலத்தில் ‘ரெயின்’ என்று எழுத 4 பைட். தமிழில் ‘மழை’ என்று எழுத 9 பைட். யூனிகோடின் வழக்கமான குறியீட்டில் ம, ழ, ஐகாரக் குறி ஒவ்வொன்றுக்கும் மும்மூன்று. அனுப்பினாலும் அப்போதைய பெப்பிளில் தமிழ் எழுத்துரு இல்லாததால் வெறும் கட்டங்கள்தான் தெரியும். ஒரு சாதனத்தில் நம் மொழி இடம்பெறுவது, எழுத்துரு செய்வதோடு முடிகிற வேலையாக இருந்ததே இல்லை. நினைவகம், செய்தியின் அளவு, எழுத்துகளைச் சேர்த்து வரையும் முறை என்று அடிமட்டத்திலேயே யாராவது நினைத்துப் பார்த்திருந்தால்தான் நடக்கும்.

2014 பிப்ரவரியில் பெப்பிளின் சொந்த ஆப் ஸ்டோர் திறந்தது. முதல் நாளே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆப்களும் முகப்புகளும் இருந்தன. கடிகாரத்தில் எட்டை மட்டும்தான் வைத்துக்கொள்ள முடியும். ஒன்பதாவது வேண்டுமானால் ஒன்றை இறக்க வேண்டும். ஆனாலும் கடை களைகட்டியது. ரயில் நேரம், சமையல் நேரம், நீச்சல் சுற்றுகள், இரண்டு-காரணி உள்நுழைவு எண்கள், குட்டி விளையாட்டுகள்... பெப்பிள் நிறுவனம் தன் ஊழியர்களை வைத்து இவற்றில் பத்தில் ஒரு பங்கைக்கூட எழுதியிருக்க முடியாது. 2014 முடிவதற்குள் 10 லட்சம் கடிகாரங்கள் விற்றிருந்தன.

அதற்குள் கூகுள், கைக்கடிகாரங்களுக்கான ‘ஆண்ட்ராய்டு வேர்’ இயங்குதளத்தை அறிவித்துவிட்டது. 2014 செப்டம்பர் 9 அன்று ஆப்பிளும் மேடையேறியது.

*

ஆப்பிள் வாட்ச் பற்றி அன்று பேசியவர்கள் அதன் தோற்றத்தையும் விலையையும் பேசினார்கள். ஆப் எழுதுகிறவர்கள் நவம்பருக்காகக் காத்திருந்தார்கள். அந்த மாதம் வெளியான வாட்ச்கிட்டைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஆச்சரியம். பெப்பிளைவிட எத்தனையோ மடங்கு சக்தியுள்ள கடிகாரம் அது. ஆனால் வெளியார் எழுதும் நிரல் அதில் ஓடாது! ஓடுவது ஐபோனில். கடிகாரத்தில் இருப்பது திரையின் வரைவும் படங்களும்தான். பொத்தானைத் தொட்டால் செய்தி புளூடூத் வழியாகப் போனுக்குப் போய், அங்கே நிரல் ஓடி, விடை திரும்ப வந்த பிறகுதான் திரை மாறும்.

2015 ஏப்ரல் 24 அன்று கடிகாரம் விற்பனைக்கு வந்ததும் அதன் விளைவு தெரிந்தது. ஆப்பைத் திறந்தால் சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும். மணிக்கட்டைத் தூக்கிப் பார்ப்பவர் இரண்டு மூன்று நொடிதான் பார்ப்பார். அதற்குள் விடை வராவிட்டால் கையை இறக்கிவிட்டுப் போனையே எடுத்துவிடுவார். கடிகார ஆப் எழுதுவதில் உள்ள கஷ்டமெல்லாம் இந்த இரண்டு மூன்று நொடிக்குள் இருக்கிறது. பெப்பிளில் எழுதியவர்கள் 24 கிலோபைட்டோடு மல்லுக்கட்டியபோதே இதைப் படித்துவிட்டார்கள். அவர்களுடைய நிரல் கடிகாரத்திலேயே இருந்தது. பொத்தானை அழுத்தினால் அடுத்த கணம் திரை மாறியது. ஆப்பிளும் வெகுநாள் தாமதிக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த வாட்ச்ஓஎஸ் 2-இல், வெளியார் நிரலைக் கடிகாரத்திலேயே ஓடவிட்டது.

இதற்கிடையே பெப்பிள் தன் பதிலை அறிவித்திருந்தது. 2015 பிப்ரவரி 24, கிக்ஸ்டார்ட்டரில் ‘பெப்பிள் டைம்’. 64 நிறம் காட்டும் திரை, மைக், ஆப் ஒன்றுக்கு 24-க்குப் பதில் 64 கிலோபைட். 49 நிமிடத்தில் 10 லட்சம் டாலர் சேர்ந்தது. நிதி திரட்டல் நடந்துகொண்டிருக்கும்போதே, மார்ச் 9-ஆம் தேதி, ஆப்பிள் தன் கடிகாரத்தின் விலையையும் விற்பனைத் தேதியையும் அறிவித்தது. பெப்பிள் அத்துடன் முடிந்தது என்று நினைத்தவர்கள் உண்டு. மாத இறுதியில் கணக்கு முடிந்தபோது 78,471 பேர் 2,03,38,986 டாலர் கொடுத்திருந்தார்கள். அதுவரை கிக்ஸ்டார்ட்டரில் யாரும் அவ்வளவு திரட்டியதில்லை.

பெப்பிள் டைமின் மையம் ‘டைம்லைன்’. எந்த ஆப்பையும் திறக்கவே வேண்டாம். கீழ்ப் பொத்தானை அழுத்தினால் இனி நடக்கப்போவது: அடுத்த கூட்டம், மாலை மழை, இரவு கால்பந்து ஆட்டம். மேல் பொத்தானை அழுத்தினால் நடந்து முடிந்தது. ஆப் எழுதுகிறவர் தன் தகவலை ஒரு குறிப்பாக அந்த வரிசையில் செருகிவிட்டால் போதும். கடிகாரம் எதற்கு என்ற கேள்விக்கு, எனக்குத் தெரிந்து எந்த நிறுவனமும் இவ்வளவு தெளிவான பதில் சொன்னதில்லை. கையில் கட்டுவது காலத்தைப் பார்க்கத்தானே!

ஆனால் வெளியார் எழுதும் அந்தக் குறிப்புகள் கடிகாரத்துக்கு எந்த வழியாக வந்தன என்று கவனியுங்கள். ஆப் எழுதியவரின் சர்வரிலிருந்து பெப்பிளின் சர்வருக்கு, அங்கிருந்து போனுக்கு, போனிலிருந்து மணிக்கட்டுக்கு. மைக்கில் பேசிய பேச்சை எழுத்தாக்குவதும் இணையத்தின் மறுமுனையில்தான். ஆப் ஸ்டோர், பயனர் கணக்கு, வானிலை, மென்பொருள் புதுப்பிப்பு எல்லாமே பெப்பிளின் சர்வர்கள் வழியாக. 2013-இல் ரசிகர்கள் ஒரு கோப்பைத் தங்களுக்குள் கைமாற்றிக்கொண்டு கடிகாரத்தில் ஏற்றினார்கள்; அதற்கு நிறுவனம் உயிரோடு இருக்கிறதா என்று யாரும் பார்க்க வேண்டியதில்லை. 2015-இல் வசதி பெருகியது, கூடவே அந்தச் சுதந்திரம் குறைந்தது. நான் இதைப் பெப்பிளின் பெரிய பிழையாகவே கருதுகிறேன். நல்ல நோக்கத்தில், நல்ல பொறியாளர்கள் செய்த பிழை.

*

2015 கடைசியில் விற்பனை எதிர்பார்த்த அளவு வரவில்லை. வட்ட முகப்புள்ள பெப்பிள் டைம் ரவுண்ட் வந்தது. அழகான கடிகாரம்தான், ஆனால் செவ்வகத் திரைக்காக எழுதிய ஆப்களையெல்லாம் வட்டத்துக்கு மாற்றி எழுத வேண்டியதாயிற்று. மக்கள் ஸ்மார்ட்வாட்சை உடற்பயிற்சிக்காக வாங்குகிறார்கள் என்று கண்டு பெப்பிளும் அந்தப் பக்கம் திரும்பியது. அங்கே ஃபிட்பிட் ஏற்கெனவே கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தது. தன்னைத் தூக்கிவிட்ட புரோகிராமர் கூட்டத்தை விட்டு விலகிப் போனது தவறு என்ற பொருளில் எரிக் பின்னாளில் வெளிப்படையாகவே எழுதினார்.

2016 மார்ச்சில் 40 பேருக்கு வேலை போனது, நான்கில் ஒருவர். மே மாதம் மூன்றாவது முறையாகக் கிக்ஸ்டார்ட்டர். பெப்பிள் 2, டைம் 2, கடிகாரமே இல்லாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஓடும் ‘கோர்’ என மூன்று சாதனங்கள். 66,673 பேர் 1,27,79,843 டாலர் கொடுத்தார்கள். பெப்பிள் 2 சிலர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. டைம் 2 வரவில்லை.

டிசம்பர் 7 காலை அறிவிப்பு வந்தது. பெப்பிள் இனி கடிகாரம் செய்யாது. அதன் மென்பொருளையும் அறிவுசார் சொத்தையும் ஃபிட்பிட் வாங்கிக்கொண்டது. மென்பொருள் பொறியாளர்களில் பலர் அங்கே போகிறார்கள். கடிகாரத் தொழில் விற்பனையில் சேரவில்லை. டைம் 2-க்கும் கோருக்கும் பணம் கொடுத்தவர்களுக்குப் பணம் திரும்ப வரும். கையில் இருக்கும் கடிகாரங்கள் இப்போதைக்கு வழக்கம்போல ஓடும். ஆனால் சேவையின் தரம் இனி குறையக்கூடும்.

இப்போதைக்கு என்றால் எதுவரை? உலகெங்கும் 20 லட்சம் பெப்பிள் கடிகாரங்கள் விற்றிருந்தன. எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. பேட்டரி நிற்கிறது, திரை தெளிவாக இருக்கிறது. ஆனால் சர்வர்களை அணைத்துவிட்டால் புதிய ஆப் கிடையாது, டைம்லைனில் வெளி ஆப்களின் குறிப்பு கிடையாது, பேச்சு எழுத்தாகாது. ஆயிரக்கணக்கான பேர் இரவு முழித்து எழுதியவை ஒரே நாளில் கடையோடு காணாமல் போகும். 2018 தொடக்கத்தில் ஃபிட்பிட் அந்த நாளையும் சொல்லிவிட்டது: ஜூன் 30.

டிசம்பர் அறிவிப்பு வந்த உடனேயே சிலர் ஒன்றுகூடித் தங்களுக்கு ‘ரெபிள்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பிரவுசரில் ஆப் எழுத வழிசெய்த கேத்தரின் பெரி அவர்களில் ஒருவர். அந்தக் குழு ஆப் ஸ்டோரில் இருந்ததைப் பக்கம் பக்கமாகப் பிரதி எடுத்தது. ஆனால் பிரதி எடுத்து என்ன பயன்? இலட்சக்கணக்கான போன்களில் இருக்கும் பெப்பிள் ஆப், பழைய சர்வரைத்தானே தேடிப் போகும்? அந்த ஆப்பைத் திருத்தி வெளியிடும் உரிமை இவர்கள் யாருக்கும் இல்லை.

ஒரு வழி இருந்தது. பெப்பிள் ஆப் திறந்ததும் முதலில் ஒரே ஒரு முகவரிக்குப் போகும். கடை எங்கே, கணக்கு எங்கே, வானிலை எங்கே, குறிப்புகள் எங்கே என்று எல்லாவற்றுக்குமான முகவரிப் பட்டியலை அங்கிருந்துதான் வாங்கிக்கொள்ளும். அந்த முதல் முகவரியை வெளியிலிருந்து மாற்றுவதற்கு ஆப்புக்குள்ளேயே ஒரு சிறப்பு இணைப்பு இருந்தது. போனில் அந்த இணைப்பை ஒரு முறை தொட்டால் போதும். பெப்பிள் ஆப் வேறொரு சர்வரின் பேச்சைக் கேட்கும்.

கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் மறுபக்கத்தில் ஒரு நிறுவனமே கட்டி நடத்திய சர்வர்கள் அத்தனையையும், சம்பளமில்லாத சில தன்னார்வலர்கள் ஜூன் 30-க்குள் புதிதாக எழுதி முடிக்க வேண்டும். பேச்சை எழுத்தாக்கும் சேவைக்கும் வானிலைக்கும் மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தை யார் கொடுப்பார்கள்?

(தொடரும்)